உயர்தர வரலாற்றுக் கட்டுரை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இலங்கையில் க.பொ.த. உயர்தரத்தில் வரலாற்றைப் பாடமாக எடுத்திருக்கும் மலையக மாணவர்களை மனத்தில் வைத்து இந்தப் பக்கம் எழுதப்பட்டிருக்கிறது. எடுத்துக்காட்டுகளில் பெரும்பாலானவை கண்டி இராச்சியத்தின் வீழ்ச்சிக்குப் பிந்திய காலத்தையும் பெருந்தோட்டங்களையும் சேர்ந்தவை. மாதிரி வினாக்கள் பயிற்சிக்காக அமைக்கப்பட்டவை. எந்த ஆண்டு வினாத்தாளிலிருந்தும் எடுத்தவை அல்ல.

கருப்பொருள் கட்டுரை என்றால் என்ன? சாதாரண தரத்தில் எழுதிய விடையை நீட்டி எழுதினால் போதாதா?

போதாது. சாதாரண தரத்தில் பெரும்பாலும் ஒரு சம்பவத்தைச் சுற்றித்தான் கேட்பார்கள். ஆண்டு, ஆள், இரண்டு காரணம் எழுதினால் புள்ளி கிடைத்துவிடும். கருப்பொருள் கட்டுரையில் நிலம், உழைப்பு, வரி, எதிர்ப்பு, பிரசாவுரிமை போன்ற ஒன்றை எடுத்து, அது ஒரு காலப்பரப்பில் எப்படி மாறியது, ஏன் மாறியது என்று வாதிட வேண்டும்.

வித்தியாசத்தை இரண்டு வினாக்களில் பார்க்கலாம். "1848 கலகத்தை விபரிக்க" என்றால் கலகத்தைத் தொடக்கம் முதல் முடிவு வரை எழுதலாம். "1815 முதல் 1848 வரை கண்டிப் பிரதேசத்தில் பிரித்தானியருக்கு எதிரான எதிர்ப்பின் தன்மை மாறியவாற்றை ஆராய்க" என்றால் கலகக் கதை உதவாது. 1817-18 ஊவா, வெல்லஸ்ஸை எழுச்சியில் கெப்பெட்டிபொல போன்ற பிரதானிகள் முன்னின்றார்கள்; 1848இல் பிரதானிகளில் பெரும்பாலோர் ஒதுங்கி நின்றார்கள், முன்னால் வந்தவர்கள் கொங்காலேகொட பண்டாவும் புரன் அப்புவும். முன்னதில் இழந்த அதிகாரமும் மரியாதையும் பெரிய குறை, பின்னதில் வரி. ஆனால் இரண்டிலும் அரசுரிமை கோரிய ஒருவர் இருந்தார். மாறியது எது, மாறாதது எது என்று இப்படிப் பிரித்துக் காட்டுவதுதான் விடை. தகவல் ஏறக்குறைய அதேதான், எதைப் பொறுக்கி எங்கே வைக்கிறீர்கள் என்பது வேறு.

கேள்வியை எப்படி வாசிப்பது?

வினாத்தாளின் முகப்பில் மேலதிக வாசிப்பு நேரம் 10 நிமிடம் என்று போட்டிருக்கும். வினாக்களைத் தெரிவுசெய்யவும் எதை முதலில் எழுதுவது என்று ஒழுங்குபடுத்தவும் அந்த நேரம் தரப்படுகிறது. நுவரெலியா, ஹட்டன் பக்கம் காலையில் விரல் விறைத்துப்போய் எழுத்து ஓடாது. இந்த 10 நிமிடமும் கையைச் சூடாக்கிக்கொள்ளவும் உதவும். அவசரப்பட வேண்டாம்.

ஒவ்வொரு வினாவிலும் நான்கு விஷயங்களைத் தேடுங்கள். முதலாவது ஏவற்சொல்: விபரிக்க, விளக்குக, ஆராய்க, மதிப்பிடுக, ஒப்பிடுக. இரண்டாவது கருப்பொருள். மூன்றாவது கால எல்லை. நான்காவது இட எல்லை அல்லது துறை எல்லை: "பொருளாதார, சமூக" என்று கேட்டிருந்தால் அரசியலுக்கு ஒரு பந்தி ஒதுக்குவது வீண்.

அதிகம் தவறவிடப்படுவது கால எல்லை. "19ஆம் நூற்றாண்டில்" என்று கேட்டிருக்க, 1948 பிரசாவுரிமைச் சட்டம் வரை ஒரு பக்கம் எழுதிவிடுகிறார்கள். எழுதியது சரியாக இருந்தாலும் அந்தப் பக்கத்துக்குப் புள்ளி வராது; அதற்குச் செலவான பத்து நிமிடமும் திரும்பி வராது.

"விளக்குக", "ஆராய்க", "மதிப்பிடுக" எல்லாம் ஒன்றுதானே?

இல்லை. "விளக்குக" என்றால் எப்படி, ஏன் என்று சொன்னால் போதும். "ஆராய்க" என்றால் விஷயத்தைக் கூறுகளாகப் பிரித்து, அவற்றுக்கு இடையிலான தொடர்பையும் காட்ட வேண்டும். "மதிப்பிடுக" என்றால் தீர்ப்பு வேண்டும்: எவ்வளவு தூரம், எது முக்கியம், எது இரண்டாம் பட்சம். "இக்கூற்றை நீர் ஏற்றுக்கொள்கிறீரா?" என்று வந்தால் முழுதாக ஆம் என்றோ முழுதாக இல்லை என்றோ எழுதுபவர்கள்தான் அதிகம். பகுதியளவில் ஏற்று, எந்தப் பகுதி என்று சொல்பவரின் விடைதான் பெரும்பாலும் வலுவாக நிற்கும்.

எழுதத் தொடங்கும் முன் திட்டம் போட வேண்டுமா? நேரம் போய்விடுமே?

6 நிமிடம் போதும். அந்த 6 நிமிடத்தை மிச்சம் பிடிப்பவர்கள் மூன்றாம் பக்கத்தில் எதை எழுதுவது என்று தெரியாமல் முதல் பக்கத்தில் சொன்னதையே வேறு சொல்லில் திரும்ப எழுதுவார்கள்.

ஒரு மாதிரி வினாவை எடுப்போம்: "19ஆம் நூற்றாண்டில் பெருந்தோட்டப் பயிர்ச்செய்கையின் விருத்தி இலங்கையின் பொருளாதார, சமூகத் துறைகளில் ஏற்படுத்திய மாற்றங்களை ஆராய்க."

முதல் 2 நிமிடம் நினைவுக்கு வருவதையெல்லாம் ஒற்றைச் சொல்லாகக் கொட்டுங்கள். 1823-24 கம்பளைக்கு அருகே சின்னப்பிட்டியில் ஜோர்ஜ் பேர்டின் கோப்பித் தோட்டம். ஆளுநர் பார்ன்ஸ், கொழும்பு-கண்டி வீதி. 1832 இராஜகாரிய (அரசுக்குச் செய்த கட்டாய உழைப்பு) ஒழிப்பு. 1840 முடிக்குரிய காணிச் சட்டம். கங்காணி (ஆட்களைத் திரட்டியவர்), துண்டு (கடன் சீட்டு), லயன் (தொழிலாளரின் வரிசை வீடு). 1848. 1867 ரயில். 1867 லூல்கந்துரத் தேயிலை. 1869 கோப்பி இலைநோய். சிங்கோனா (மருந்துப் பட்டை மரம்). 1884 ஓரியண்டல் வங்கியின் வீழ்ச்சி. 1885 நானுஓயா வரை ரயில். புதிய மத்தியதர வகுப்பு.

அடுத்த 2 நிமிடம் இவற்றைக் குவியலாக்குங்கள்: நிலம், உழைப்பு, போக்குவரத்தும் மூலதனமும், சமூக வகுப்புகள். எந்தக் குவியலிலும் சேராததை விட்டுவிடுங்கள். இந்த வினாவில் 1848 கலகம் நிலத்தோடும் வரியோடும் ஒட்டி ஒரு வாக்கியத்தில் வரலாம். தனிப் பந்தி வேண்டாம்.

கடைசி 2 நிமிடம் ஒரே ஒரு வாக்கியத்துக்கு. உங்கள் முழு விடையும் ஒரு வாக்கியமாக இருந்தால் அது என்ன? உதாரணமாக: "பெருந்தோட்டம் நிலம், உழைப்பு, போக்குவரத்து ஆகிய மூன்றையும் ஏற்றுமதிக்காக மாற்றியமைத்தது, ஆனால் கிராம விவசாயம் அந்த வளர்ச்சிக்கு வெளியே விடப்பட்டதால் இலங்கையில் இரட்டைப் பொருளாதாரம் உருவானது." இது கிடைத்துவிட்டால் கட்டுரை பாதி முடிந்த மாதிரிதான். கிடைக்காவிட்டால் அந்த வினாவை விட்டு வேறொன்றைத் தெரிவுசெய்வது பற்றி யோசியுங்கள்.

திட்டத்தை விடைத்தாளிலேயே எழுதி, முடிந்ததும் அதன் மேல் ஒற்றைக் கோடு இழுத்து வெட்டிவிடுங்கள்.

முன்னுரை எப்படி இருக்க வேண்டும்?

மூன்று, அதிகம் போனால் நான்கு வாக்கியம். "இந்து சமுத்திரத்தின் முத்து எனப் போற்றப்படும் இலங்கை..." என்று தொடங்கும் முன்னுரையை எந்த வினாவுக்கும் ஒட்டலாம், அதனாலேயே அதற்கு மதிப்பில்லை. முதல் வாக்கியம் காலத்தையும் சூழலையும் சொல்லட்டும்: 1815இல் கண்டி வீழ்ந்ததும் முழுத் தீவும் ஒரே ஆட்சிக்குள் வந்தது, மலைநாட்டு நிலம் பிரித்தானிய மூலதனத்துக்குத் திறந்தது. இரண்டாவது, திட்டத்தில் எழுதிய அந்த ஒற்றை வாக்கியம். மூன்றாவது, எந்த ஒழுங்கில் ஆராயப்போகிறீர்கள் என்பது. பிறகு நேராக விஷயத்துக்குப் போய்விடுங்கள்.

பந்தியை எப்படி அமைப்பது? தகவல் நிறைய எழுதியும் புள்ளி குறைகிறதே?

இந்தப் பக்கத்துக்கு வரும் கேள்விகளில் இதுதான் அதிகம். ஒரே விஷயத்தை இரண்டு விதமாக எழுதிக் காட்டுகிறோம்.

முதல் விதம்:

"தோட்டங்களில் வேலை செய்ய ஆட்கள் தேவைப்பட்டனர். அதனால் தென்னிந்தியாவிலிருந்து தமிழர்கள் கொண்டுவரப்பட்டனர். அவர்கள் மன்னார்க் கரையில் இறங்கிக் காட்டுவழியே மாத்தளைக்கு நடந்து வந்தனர். வழியில் பலர் நோயால் இறந்தனர். அவர்கள் லயன்களில் குடியமர்த்தப்பட்டனர். மிகவும் கஷ்டப்பட்டனர்."

இதில் பிழையான வரி ஒன்றுகூட இல்லை. ஆனால் வினா கேட்டது மாற்றத்தை. எதிலிருந்து எதற்கு மாறியது என்று இந்தப் பந்தி சொல்லவில்லை. ஆண்டு இல்லை. உள்ளூரில் ஆள் இருக்கத் தென்னிந்தியாவுக்கு ஏன் போனார்கள் என்பதும் இல்லை.

இரண்டாவது விதம்:

"உழைப்பைக் கடமையாகப் பெறும் முறையிலிருந்து கூலிக்குப் பெறும் முறைக்கு நாடு மாறியதில் பெருந்தோட்டத்துக்குப் பெரும் பங்கு உண்டு. 1832இல் இராஜகாரியம் ஒழிக்கப்பட்டபோது, விடுபட்ட உழைப்பு கூலிச் சந்தைக்கு வரும் என ஆட்சியாளர் எதிர்பார்த்தனர். சொந்த வயலும் சேனையும் (காடு வெட்டிப் பயிரிடும் நிலமும்) வைத்திருந்த கண்டிக் குடியானவருக்கோ குறைந்த கூலிக்குத் தோட்டத்தில் தங்கி உழைக்க வேண்டிய தேவை இருக்கவில்லை. எனவே தோட்டத்துரைமார் தென்னிந்தியாவை நாடினர். கங்காணி முற்பணம் கொடுத்து ஆட்களைத் திரட்டினார். அந்த முற்பணமே தொழிலாளியின் கடனாக ஏறியது. முந்தைய தோட்டத்தின் கடன் கணக்கைக் குறித்த துண்டு இல்லாமல் அவர் வேறு தோட்டத்தில் சேர முடியவில்லை. இவ்வாறு சட்டப்படியான கட்டாய உழைப்பு நீங்கிய அதே நூற்றாண்டில், கடனால் கட்டுண்ட கூலி உழைப்பு மலைநாட்டில் நிலைபெற்றது."

முதல் வாக்கியம் வாதம், நடுவில் சான்று, கடைசி வாக்கியம் வினாவின் "மாற்றம்" என்ற சொல்லுக்குத் திரும்பி வருகிறது. மன்னார் நடைப்பயணத்தை இங்கே விட்டுவிட்டோம். மனத்தை உருக்கும் செய்திதான், ஆனால் இந்தப் பந்தியின் வாதத்துக்கு வேண்டியதில்லை. குடியேற்றத்தின் மனித விலையைக் கேட்டால் அதுதான் முதலில் வர வேண்டும்.

இன்னொன்று. "கண்டிச் சிங்களவர் சோம்பேறிகள், அதனால் தோட்ட வேலைக்கு வரவில்லை" என்று சில குறிப்புகளில் இருக்கிறது. அது அந்தக் காலத் துரைமாரின் புலம்பல். அதை உங்கள் குரலில் காரணமாக எழுதாதீர்கள்.

ஒரு கட்டுரைக்கு எத்தனை பந்தி?

முன்னுரை, முடிவுரை நீங்கலாக நான்கு அல்லது ஐந்து. எட்டுப் பந்தி எழுதினால் ஒவ்வொன்றும் மூன்று வரியில் நின்றுவிடும். மூன்று எழுதினால் கருப்பொருளின் ஒரு பக்கம் விடுபட்டுப்போகும்.

தோட்ட வரலாற்றில் மாணவர்கள் வழக்கமாகச் செய்யும் பிழைகள் எவை?

முதலிடம் ரயிலுக்கு. "தேயிலையை ஏற்றுவதற்காகக் கண்டிக்கு ரயில் பாதை போடப்பட்டது" என்ற வாக்கியம் விடைத்தாள்களில் திரும்பத் திரும்ப வருகிறது. கொழும்பிலிருந்து கண்டிக்கு ரயில் வந்தது 1867இல். ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரத் தோட்டத்தில் 19 ஏக்கரில் தேயிலை நட்டதும் அதே 1867இல்தான். அப்போது ரயிலில் ஏற்றத் தேயிலை ஏது? அது கோப்பிக்காகப் போட்ட பாதை. 1885இல் நானுஓயாவுக்கு வந்து சேர்ந்த நீட்சியைத் தேயிலையோடு இணைத்துப் பேசலாம். பதுளைக்கு ரயில் வந்தது 1924இல், அது 19ஆம் நூற்றாண்டு வினாவில் வரவே கூடாது.

அடுத்தது கோப்பியின் அழிவு. 1869இல் மடுல்சீமைப் பக்கம் இலைநோய் காணப்பட்டது என்பதற்காக 1870இல் கோப்பி முடிந்துவிடவில்லை. விளைச்சல் குறைந்தாலும் விலை நன்றாக இருந்ததால் 1870களிலும் புதிய நிலத்தில் கோப்பி நட்டார்கள். உண்மையான சரிவு 1880களில். 1884இல் ஓரியண்டல் வங்கி முறிந்தது அதன் அடையாளம். இடையில் சிங்கோனாவும் வந்து போனது. "1869இல் கோப்பி அழிந்து தேயிலை வந்தது" என்று ஒரே மூச்சில் எழுதுபவருக்கும் இந்தப் பதினைந்து ஆண்டு இடைவெளியைக் காட்டுபவருக்கும் உள்ள வித்தியாசம் பரீட்சகர் கண்ணில் உடனே படும்.

1840 சட்டத்தையும் 1897 தரிசு நிலச் சட்டத்தையும் குழப்புவது இன்னொன்று. உரிமைக்கு ஆதாரம் காட்ட முடியாத காட்டையும் சேனையையும் தரிசையும் முடிக்குரியதாகக் கொண்டது 1840இன் 12ஆம் இலக்கச் சட்டம். கோப்பி விரிவுக்கு வழிவிட்டது அதுதான்.

"கோல்புறூக் இராஜகாரியத்தை ஒழித்தார்" என்பதும் சரியான வாக்கியமல்ல. அவர் ஆணையாளர், சிபாரிசு செய்தார். ஒழித்தது 1832இல் வந்த அரச கட்டளை.

காரணங்களைக் கேட்டால் வரிசையாக எழுதினால் போதுமா?

வரிசை வேண்டாம், தரம் பிரியுங்கள். 1848ஐ எடுத்தால் ஆழமான காரணம், அண்மைக் காரணம், தூண்டுதல் என்று மூன்று அடுக்கு கிடைக்கும். ஆழத்தில் இருப்பது 1840 சட்டத்துக்குப் பின் கிராமங்களைச் சூழ்ந்த காடும் மேய்ச்சல் நிலமும் தோட்டமாக மாறியதும், பிரதானிகளின் செல்வாக்கு சரிந்ததும், பௌத்த சமயத்துக்கான அரச ஆதரவு விலகியதும். அடுத்த அடுக்கில் 1840களின் பிற்பகுதியில் கோப்பி விலை வீழ்ந்து அரசின் வருமானம் சுருங்கியது. மேலே, அந்தக் குழியை நிரப்ப ஆளுநர் டொரிங்டன் கொண்டுவந்த வரிகள்: துப்பாக்கி, நாய், கடை, வண்டி என்று. கூடவே ஆண்டுக்கு 6 நாள் வீதி வேலை, இல்லையேல் அதற்கு ஈடாகக் காசு.

இப்படி அடுக்கினால் "வரிதான் காரணமா?" என்ற வினாவுக்கும் இதே தகவலால் விடை எழுதலாம். வரி தீயை மூட்டியது, ஆனால் 16 ஆண்டுக்கு முன் ஒழித்த இராஜகாரியம் வேறு பெயரில் திரும்பி வருகிறது என்று கிராமத்தவருக்குத் தோன்றியதால்தான் வீதி வேலை அந்த அளவுக்குக் கசந்தது. இந்தத் தொடர்பைக் காட்டும் ஒரு வாக்கியத்துக்கு, ஐந்து காரணம் கொண்ட பட்டியலை விட அதிக மதிப்பு உண்டு.

ஒப்பிடச் சொன்னால் முதல் பாதியில் ஒன்று, இரண்டாம் பாதியில் மற்றது என்று எழுதலாமா?

எழுதினால் அவை இரண்டு சிறு கட்டுரைகள், ஒப்பீடு பரீட்சகரின் தலையில் விழும். ஒப்பிடும் அளவுகோலை வைத்துப் பந்தி பிரியுங்கள். கோப்பிக் கால உழைப்பையும் தேயிலைக் கால உழைப்பையும் ஒப்பிடும் வினாவுக்கு அளவுகோல்கள் மூன்று இருக்கலாம்.

பருவம்: கோப்பிக்கு அறுவடைக் காலத்தில்தான் பெருந்தொகை ஆள் வேண்டும், தேயிலைக்கு ஆண்டு முழுவதும் கொழுந்தெடுக்க வேண்டும். குடும்பம்: கோப்பிக் காலத்தில் பெரும்பாலும் ஆண்கள் வந்து பருவம் முடிய ஊர் திரும்பினார்கள், தேயிலையோடு பெண்களும் பிள்ளைகளும் வந்து தங்கினார்கள், கொழுந்தெடுப்பது பெண்களின் வேலையானது. குடியிருப்பு: தற்காலிகக் கொட்டில் நிரந்தர லயன் வரிசையானது. முடிவில் ஒற்றுமையும் சொல்ல வேண்டும், அதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். கங்காணியும் கடனும் இரண்டு காலத்திலும் இருந்தன. துண்டு முறை சட்டப்படி ஒழிந்தது 1921இல்தான்.

பிரசாவுரிமை பற்றிய கருப்பொருளுக்கு எதைத் தயார் செய்வது?

சட்டங்களின் ஒழுங்கை. "1948 சட்டம் மலையகத் தமிழரின் வாக்குரிமையைப் பறித்தது" என்று ஒரே வரியில் எழுதுவார்கள். 1948இன் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் பிரசாவுரிமையைத் தந்தையின் அல்லது தந்தைவழி முன்னோரின் இலங்கைப் பிறப்போடு கட்டியது; தோட்டங்களில் பிறப்பை நிறுவும் பத்திரம் கையில் இல்லாதவர்களே அதிகம் என்பதால் அது அவர்களை வெளியே தள்ளியது. 1949இன் 3ஆம் இலக்க இந்திய, பாகிஸ்தானிய வதிவோர் சட்டம் விண்ணப்பித்துப் பதியும் வழி ஒன்றைத் தந்தது: மணமானவருக்கு 7 ஆண்டு, மணமாகாதவருக்கு 10 ஆண்டு தொடர்ச்சியான வதிவு. வாக்குரிமையைப் பிரசாவுரிமையோடு இணைத்தது 1949இல் வந்த தேர்தல் திருத்தச் சட்டம். இந்த மூன்றையும் தனித்தனியே வைத்தால் பந்தி தானாக நேராகும்.

1931இல் டொனமூர் அரசியலமைப்பு தந்த சர்வசன வாக்குரிமையிலிருந்து தொடங்குவது நல்லது. தோட்டத் தொழிலாளரில் ஒரு பகுதியினர் அப்போது வாக்காளராகி இருந்தார்கள் என்று காட்டினால்தான் 1949இல் எதை இழந்தார்கள் என்பது விளங்கும்.

1964 ஒக்டோபரில் கையொப்பமான சிறிமா-சாஸ்திரி ஒப்பந்த எண்களைக் கூட்டிச் சரிபாருங்கள்: இந்தியாவுக்கு 5,25,000, இலங்கைக்கு 3,00,000, பிறகு தீர்மானிக்க 1,50,000; மொத்தம் 9,75,000. அந்த 1,50,000ஐ 1974இல் பாதிக்குப் பாதி, 75,000 வீதம் பிரித்தார்கள். கூட்டுத்தொகை வராவிட்டால் ஏதோ ஓர் எண் பிழை. அதன் பின் 1986, 1988, 2003 சட்டங்கள். வினா 1964 வரை என்றால் இந்தக் கடைசி மூன்றையும் தொடவே வேண்டாம்.

தாத்தா, பாட்டி சொன்னதை எழுதலாமா?

சான்றாக எழுத முடியாது. "எங்கள் தோட்டத்தில் இப்படி நடந்ததாம்" என்ற வரியைப் பரீட்சகர் சரிபார்க்க வழியில்லை. ஆனால் அதை வைத்துப் புத்தகத்தில் தேடுங்கள். துண்டு, தலைக்காசு, பெரட்டு, பேர்பதிவு என்று வீட்டில் காதில் விழுந்த சொற்கள் இருப்பதால், மற்ற மாணவர் உருப்போட வேண்டிய ஒன்றை நீங்கள் விளங்கிப் படிக்கலாம். பதிவில் உள்ள மலையகச் சம்பவங்களைத் தாராளமாகப் பயன்படுத்துங்கள். 1940 ஜனவரியில் முல்லோயாத் தோட்டப் போராட்டத்தில் பொலிஸ் சூட்டில் கோவிந்தன் இறந்தது, 1977 மே மாதம் டெவன் தோட்டத்தில் சிவனு லட்சுமணன் சுடப்பட்டது ஆகிய இரண்டும் தொழிற்சங்க வரலாறு, நிலம் என்ற கருப்பொருள்களுக்கு நேரடிச் சான்றுகள். இவை "நம்ம கதை", பாடத்துக்கு வெளியே என்று நினைத்து விட்டுவிடுபவர்கள் இருக்கிறார்கள். வினாவின் எல்லைக்குள் வந்தால் தயங்க வேண்டாம்.

உணர்ச்சியை மட்டும் சற்று அடக்குங்கள். "இரத்தத்தை வியர்வையாக்கி" என்று தொடங்கும் வாக்கியங்கள் மேடைக்கு நல்லவை.

ஆண்டு மறந்துவிட்டால்?

ஊகித்து எழுதாதீர்கள். "1840களின் பிற்பகுதியில்", "கோப்பி சரிந்த பின்", "டொரிங்டன் காலத்தில்" என்று எழுதினால் தப்பில்லை. பிழையான ஆண்டு ஒன்று நல்ல பந்தி முழுவதையும் சந்தேகத்துக்கு உள்ளாக்கிவிடும்.

ஒரு கட்டுரைக்கு எவ்வளவு நேரம், எத்தனை பக்கம்?

எத்தனை வினா எழுத வேண்டும் என்பதை வினாத்தாளின் அறிவுறுத்தலில் பாருங்கள்; பகுதிவாரியான கட்டாயம் இருந்தால் அதையும். மூன்று மணித்தியாலத்தில் நான்கு கட்டுரை என்றால் ஒன்றுக்கு 45 நிமிடம்: 6 திட்டத்துக்கு, 34 எழுத, 5 வாசித்துத் திருத்த. 34 நிமிடத்தில் உங்கள் கை எவ்வளவு எழுதும் என்பதை இப்போதே அளந்துகொள்ளுங்கள். கோடிட்ட தாளில் 10 நிமிடம் யோசிக்காமல் எழுதிச் சொற்களை எண்ணுங்கள், மூன்றரையால் பெருக்குங்கள், யோசிக்கும் நேரத்துக்குக் கால்வாசியைக் கழியுங்கள். வருவதுதான் உங்கள் கட்டுரையின் நீளம். பெரும்பாலோருக்கு அது மூன்று, மூன்றரைப் பக்கம். ஆறு பக்கக் கட்டுரையைப் பாடமாக்கி வைத்திருந்தால் பரீட்சையில் அது பாதியில் நிற்கும்.

உப வினாக்களுக்குப் பக்கத்தில் புள்ளி போட்டிருந்தால் நேரத்தையும் அதே விகிதத்தில் பிரியுங்கள். 4 புள்ளி உப வினாவுக்கு ஒரு பக்கம் எழுதுவது வழக்கமான விரயம்.

ரியூசன் டியூட்டை (வகுப்பில் தரும் அச்சுக் குறிப்பை) பாடமாக்கினால் ஏன் சரிவருவதில்லை?

பந்தியாகப் பாடமாக்கியதைப் பந்தியாகத்தான் இறக்க முடியும். வினா கொஞ்சம் திரும்பினாலும் அது பொருந்தாது. அதோடு ஒரே மண்டபத்தில் இருபது விடைத்தாளில் ஒரே முன்னுரை வந்தால் பரீட்சகருக்குத் தெரியாமல் போகாது. டியூட்டிலிருந்து தகவலை மட்டும் எடுத்துச் சிறு அட்டையில் எழுதுங்கள். ஓர் அட்டைக்கு ஒரு நிகழ்வு: ஆண்டு, இடம், ஆள், ஏன் நடந்தது, என்ன ஆனது. கருப்பொருளுக்குப் பன்னிரண்டு அட்டை தாராளம். பிறகு ஒரே அட்டைக் கட்டை வைத்து மூன்று வெவ்வேறு வினாவுக்குத் திட்டம் போட்டுப் பாருங்கள். 1840 சட்டத்தின் அட்டை நிலத்துக்கும் வரும், 1848க்கும் வரும், கிராம விவசாயத்தின் தேக்கத்துக்கும் வரும்.

எங்கள் பாடசாலையில் வரலாற்றுக்கு நிரந்தர ஆசிரியர் இல்லை. தனியாக எப்படிப் பயிற்சி செய்வது?

பரீட்சைகள் திணைக்களம் வெளியிடும் கடந்தகால வினாத்தாளும் புள்ளித் திட்டமும் முதலில் வேண்டும். புள்ளித் திட்டத்தை விடையாகப் படிக்காதீர்கள். நீங்கள் எழுதி முடித்த பிறகு பென்சிலோடு உட்கார்ந்து, அதில் உள்ள ஒவ்வொரு குறிப்பும் உங்கள் விடையில் எங்கே இருக்கிறது என்று ஓரத்தில் இலக்கம் இடுங்கள். இலக்கம் விழாத வரிகள்தான் நீங்கள் வெட்ட வேண்டியவை. தேசிய கல்வி நிறுவகத்தின் ஆசிரியர் வழிகாட்டியில் ஒவ்வோர் அலகுக்கும் கற்றற் பேறுகள் இருக்கின்றன. ஏவற்சொல் சேர்த்தால் அவையே வினாக்களாகிவிடும்.

வாரத்துக்கு ஒரு முழுக் கட்டுரையும் மூன்று வெறும் திட்டங்களும் போதும். இரண்டு பேர் சேர்ந்து தாளை மாற்றிக்கொண்டு, ஒவ்வொரு பந்தியின் முதல் வாக்கியத்தை மட்டும் வாசியுங்கள். முதல் வாக்கியங்களை வைத்தே வாதம் விளங்கினால் கட்டுரை சரி. லயன் அறையில் இரவில் இடமும் வெளிச்சமும் கிடைக்காவிட்டால், திட்டப் பயிற்சியை பஸ்ஸில் மனத்துக்குள்ளேயே செய்யலாம். முழுக் கட்டுரையைப் பாடசாலை முடிந்த கையோடு வகுப்பறையில் எழுதிவிட்டு வீட்டுக்குப் போங்கள்.

தலைப்பு, அடிக்கோடு, நிறப் பேனை?

உபதலைப்பு போடலாம், நாலைந்து சொல்லுக்குள். சிவப்பு வேண்டாம். சிங்களப் பெயர்களை ஒரே மாதிரி எழுதுங்கள். முதல் பக்கத்தில் டொரிங்டன், மூன்றாம் பக்கத்தில் ரொறிங்ரன் என்று ஆங்கிலப் பெயரும் மாறக் கூடாது.

முடிவுரையில் என்ன எழுதுவது?

மூன்று வாக்கியம். திட்டத்தின் ஒற்றை வாக்கியத்துக்கு, நான்கு பந்தி சான்றுக்குப் பிறகு, என்ன திருத்தம் வேண்டும் என்று சொல்லுங்கள். புதிய தகவல் வேண்டாம். "எனவே வரலாற்றைப் போற்றுவோம்" வேண்டவே வேண்டாம்.

நேரம் முடியப் போகிறது, கடைசிக் கட்டுரையில் இரண்டு பந்திதான் எழுதியிருக்கிறேன். என்ன செய்வது?

மூன்றாம் பந்தியை அழகாக எழுத முயலாதீர்கள். மீதிப் பந்திகளின் முதல் வாக்கியங்களை மட்டும், சான்று ஒன்றோடு, தனித்தனி வரியாக எழுதுங்கள்: "போக்குவரத்து: கோப்பியை இறக்க 1867இல் கண்டிக்கு ரயில் வந்தது, கிராமச் சந்தைகளுக்கு அது வழி அமைக்கவில்லை." ஒரு வரிக்கு ஒரு நிமிடம். அதற்குப் பிறகும் இரண்டு நிமிடம் மிஞ்சினால் முடிவுரைக்குப் போகாமல் வினா இலக்கங்கள் சரியா, மேலதிகத் தாள் எல்லாவற்றிலும் சுட்டெண் இருக்கிறதா என்று பார்த்து, தாள்களை ஒழுங்காக அடுக்கிக் கட்டுங்கள்.